மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகம் மாறலாமா?

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு 22 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது, இன்னும் இரண்டு செமஸ்டர் இருக்கிறது. போன செமஸ்டரில் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் செய்தேன். எல்லாரும் நன்றாகத்தான் நடத்தினார்கள். ஆனால் இந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்ய முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமைகளில் சிண்டாவில் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) தொண்டூழியராகச் சின்னப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து வாசிக்கிறேன். அங்கே வரும் ஒரு பையனின் குடும்பத்தைக் கவனிக்கும் சமூக ஊழியரைச் சந்தித்தேன். அவர் செய்வதுதான் எனக்கு வேண்டிய வேலை. வேறு பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்புக்கு மாறிவிடு என்கிறாள் தோழி. முடித்துவிட்டு எதுவானாலும் செய் என்கிறார் அம்மா. அப்பா பேருந்து ஓட்டுநர். என் கட்டணம் அவருடைய மத்திய சேமநிதியிலிருந்துதான் (மசேநி) போகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 3.3. காலையில் ரயில் ஏறும்போதே வயிறு பிசைகிறது. இப்போதே மாறிவிடவா?
– வாசகி, செங்காங்

பதில்: மாறாதே. ஆனால் சமூக ஊழியராகும் ஆசையையும் விடாதே. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்று நினைத்து எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் சமூகப்பணிக்கு வர இரண்டு வழி உண்டு. ஒன்று, நேராக அந்தப் பட்டத்தையே படிப்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அதற்கு 1952-லிருந்து ஒரு துறை இருக்கிறது. அப்போது அது மலாயாப் பல்கலைக்கழகம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பட்டம் உண்டு. இன்னொரு வழி, வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கென்றே இருப்பது. சமூகப்பணியில் கிராஜுவேட் டிப்ளோமா என்று சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு படிப்பு நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே அதைப் படிக்கலாம். கணக்கு எழுதியவர்கள், வங்கியில் இருந்தவர்கள், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் என்று பல துறைகளிலிருந்தும் அங்கே வருகிறார்கள். உன்னைப்போன்ற பொறியாளர் வந்தால் யாரும் வியக்கமாட்டார்கள். சிங்கப்பூர் சமூக ஊழியர் சங்கத்திடம் பதிவு பெற்ற சமூக ஊழியர் என்ற தகுதிக்கு விண்ணப்பிக்கும்போதும் சமூகப்பணிப் பட்டத்தைப்போல இந்த டிப்ளோமாவையும் ஏற்றுக்கொள்கிறார்கள். மேற்பார்வையில் வேலை பார்த்த அனுபவத்தை இரண்டு வழியில் வந்தவர்களிடமும் கேட்பார்கள்.

இனி காலக்கணக்கைப் பார். உன் தோழி சொல்வதுபோல இப்போது மாறினால், மூன்று வருடப் படிப்பையும் தூக்கிக்கொண்டு போய் அங்கே நாலாம் ஆண்டில் உட்கார முடியாது. எந்தப் பல்கலைக்கழகமும் தன் பெயரில் பட்டம் கொடுக்க வேண்டுமென்றால் படிப்பில் கணிசமான பங்கைத் தன்னிடமே படிக்கச் சொல்லும். பொதுவாக அது பாதியளவு. ஆக, உன் கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைத்த புள்ளிகள்) அத்தனையும் மாறினாலும் அங்கே இரண்டு வருடம் உறுதி. அத்தனையும் மாறவும் மாறாது. வெப்ப இயக்கவியலுக்கும் திரவ இயக்கவியலுக்கும் ஈடான பாடம் சமூகப்பணியில் ஏது? எழுத்துத் தொடர்பு, புள்ளியியல், பொதுப்பாடங்கள் என்று சிலவற்றை விருப்பப்பாடக் கணக்கில் ஏற்றிக்கொள்வார்கள். மற்றவை உன் மதிப்பெண் பட்டியலிலேயே நின்றுவிடும். சமூகப்பணியின் முக்கியப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. முதலாண்டுப் பாடம் முடிக்காமல் களப்பயிற்சிக்கு அனுப்பமாட்டார்கள். அந்தக் களப்பயிற்சியே நூற்றுக்கணக்கான மணிநேரம். எனவே மூன்று வருடம் என்று வைத்துக்கொள்.

முடித்துவிட்டுப் போனால்? இரண்டு செமஸ்டர், அதற்குமேல் டிப்ளோமா. மொத்தத்தில் ஏறக்குறைய அதே காலம்தான். ஆனால் பின்பாதியில் உன் கையில் சம்பளம் இருக்கும், ஒரு பட்டமும் இருக்கும்.

இன்னொரு விஷயம், பலருக்கு இது முன்கூட்டித் தெரிவதில்லை. எத்தனை கிரெடிட்டை ஏற்றுக்கொள்வோம் என்பதைப் பெரும்பாலும் இடம் கொடுத்த பிறகுதான் சொல்வார்கள். விண்ணப்பிக்கும்போது நீ ஒரு மாற்று மாணவி என்பதைவிட, புதிதாக இடம் கேட்கும் ஒருத்திதான். மற்றவர்களைப்போல ஆண்டின் தொடக்க மாதங்களில் விண்ணப்பித்து, நேர்காணல் இருந்தால் அதற்கும் போய், ஆகஸ்ட் சேர்க்கைக்குக் காத்திருக்க வேண்டும். உன் 3.3-ஐயும் பார்ப்பார்கள். இடம் கிடைத்தபின் மாறிய பாடங்களுக்குக் கிரெடிட் மட்டும் வரும், கிரேடு வராது. ஜிபிஏ புதிதாகத் தொடங்கும் என்று அதைச் சிலர் வரமாக நினைப்பார்கள். உனக்கு அது வரம் இல்லை. உன் 3.3 வெட்கப்பட வேண்டிய எண்ணே இல்லை.

அப்புறம் பணம். இதை நீ ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நான் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கல்வி அமைச்சின் கட்டண மானியம் இருப்பதால்தான் குடிமக்களான நாம் பொறியியலுக்கோ கலைத்துறைக்கோ வருடத்துக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல் கட்டிப் படிக்கிறோம். மானியம் இல்லாத கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. அந்த மானியம் ஒருவருக்கு ஓர் இளநிலைப் படிப்புக்குத்தான். பாதியில் விட்டுவிட்டு வேறு படிப்பில் சேர்ந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்காது. முன்பு எத்தனை செமஸ்டருக்கு மானியம் வாங்கினாயோ அதைக் கழித்துக்கொள்வார்கள். புதிய படிப்பில் மானியக்காலம் தீர்ந்துபோனால் மிச்ச செமஸ்டர்களுக்கு முழுக் கட்டணம். ஆறு செமஸ்டர் வாங்கியவளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீயே யோசித்துப் பார். மாறலாம் என்று ஆலோசனை சொல்லும் நண்பர்கள் ஒருவரும் இதைச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது.

அப்பாவின் மசேநிக்கு வருகிறேன். கல்விக்கு எடுக்கும் பணம் அவருடைய சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குத் தவணை போவதும் அதே கணக்கிலிருந்துதான். அது உனக்கு அவர் தந்த அன்பளிப்பு இல்லை, கடன். படிப்பை முடித்தோ விட்டோ ஓராண்டு ஆனதும் நீ திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், சாதாரணக் கணக்கின் வட்டியோடு. நீ கட்டும் பணம் அவர் கணக்குக்கே திரும்பும். அது அவருடைய ஓய்வுக்காலச் சாப்பாடு. எடுக்கக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு, சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு. அதில் ஏற்கெனவே எவ்வளவு போயிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? மூன்று வருடத்தை, அதுவும் முழுக் கட்டண செமஸ்டர்களோடு, அந்தக் கணக்கின்மேல் ஏற்ற முடியாது. சிண்டாவின் உதவிநிதிக்கும் பல்கலைக்கழக உதவிநிதிக்கும் குடும்ப வருமானம் பொருந்தினால் கட்டாயம் விண்ணப்பி. அது நடக்கிற படிப்புக்குக் கைகொடுக்கும். முழுக் கட்டணத்தை அது தூக்கிச் சுமக்காது.

உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வயிறு பிசைகிறது என்பதுதான். இன்டர்ன்ஷிப்பைப் பற்றி எழுதியதைவிட அந்த வரி எனக்குக் கவலை தந்தது. இது எதனால் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடம் பிடிக்காததால் வரும் சலிப்பா, தேர்வு பயமா, அங்கே பேச ஒரு தோழி இல்லாத தனிமையா, அப்பாவிடம் மறைக்கிற பாரமா? பாடம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு செமஸ்டரைத் தாங்கிக்கொள்ளலாம். தூக்கம் போய், சாப்பாடு போய், படுக்கையிலிருந்து எழுவதே பாடாகிறது என்றால் நான் மேலே எழுதிய கணக்கையெல்லாம் ஒதுக்கி வை. முதலில் உன் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரிடம் போ. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள், மாணவர்களுக்காகவே இருக்கிறார்கள். தேவைப்பட்டால் ஒரு செமஸ்டர் படிப்பு விடுப்பு எடு. மருத்துவக் காரணம் என்றால் கட்டணத்தைப் பற்றியும் தனியாகக் கேட்கலாம். விடுப்பு எடுத்தவள் திரும்பி வரலாம். விலகியவளுக்கு அந்த இடம் போய்விடும். களைத்துப்போன நேரத்தில் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதில் நான் மிகக் கண்டிப்பானவள். செமஸ்டர் நடுவில் விலகினால் அந்த செமஸ்டர் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது.

யாருமே மாறக்கூடாதா என்றால், அப்படியும் இல்லை. நீண்ட காலம் தொழிற்கல்லூரியில் பாடம் நடத்தியவள் நான். என்னிடம் படித்த ஒரு பையன் கட்டுமானப் பொறியியலில் மூன்றாம் ஆண்டு வரை போய்விட்டு, கட்டடக்கலைக்கு மாறினான். கிட்டத்தட்ட முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்கினான். ஏனென்றால் கட்டடக்கலையில் ஒவ்வோர் ஆண்டும் வடிவமைப்பு ஸ்டுடியோ, முந்தையதை முடிக்காமல் அடுத்ததில் கால் வைக்க முடியாது. தேசிய சேவையும் முடித்திருந்ததால் வயதில் எல்லாரையும்விட மூத்தவனாக உட்கார்ந்திருந்தான். அப்போதும் போ என்றுதான் சொன்னேன். கட்டடக்கலைஞராகப் பதிவு பெற அந்தப் படிப்பை அடியிலிருந்தே படித்தாக வேண்டும். பொறியியல் பட்டத்தின்மேல் ஒரு டிப்ளோமாவைச் சேர்த்து அங்கே போய்ச் சேர முடியாது. நீ கேட்கும் வேலை அப்படிப்பட்டதல்ல. ஆசிரியர் வேலையும் அப்படி அல்ல. எந்தத் துறைப் பட்டதாரியும் கல்வி அமைச்சில் தேர்வாகி தேசியக் கல்விக் கழகத்தில் பட்டமேற்படிப்புக் கல்வி டிப்ளோமா படித்து ஆசிரியராகிறார். எனவே, இந்தத் துறைக்குப் பட்டம் வாங்கிய பிறகும் போக முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். முடியும் என்றால் கடைசிப் பகுதியில் பல்கலைக்கழகம் மாறுவதற்கு நான் ஆதரவு தரமாட்டேன். மற்றபடி முக்கியப் பாடங்களில் தொடர்ந்து தோற்று, படிப்பிலிருந்து நீக்கப்படும் எச்சரிக்கை வந்திருந்தால் அது வேறு நிலை. உன் நிலை அதுவல்ல.

மிச்சமிருக்கும் இரண்டு செமஸ்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டு என்று நான் சொல்லவில்லை. விருப்பப்பாடங்களில் சமூகவியல், உளவியல், முதுமையியல் என்று கிடைப்பதை எடு. இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்குத் தலைப்பு இன்னும் முடிவாகாமல் இருந்தால், உடற்குறையுள்ளோருக்கோ முதியோருக்கோ உதவும் கருவி செய்யும் பேராசிரியர் உன் துறையில் இருக்கிறாரா என்று பார். இயந்திரப் பொறியியல் துறையில் அப்படி ஒருவர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சனிக்கிழமை வாசிப்பை விடாதே. டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தொண்டூழியம் உனக்காகப் பேசும். இன்னொன்றும் செய். அந்தச் சமூக ஊழியரிடம் ஒரு காப்பி குடிக்க நேரம் கேள். நல்ல நாளில் என்ன செய்கிறார் என்பது உனக்குத் தெரியும். கெட்ட நாளைப் பற்றிக் கேள். குடும்பச் சேவை நிலையத்தில் ஒருவர் எத்தனை குடும்பங்களைப் பார்க்கிறார், அறிக்கை எழுதுவதில் எவ்வளவு நேரம் போகிறது, கதவைத் திறக்க மறுக்கும் வீட்டின் முன்னால் என்ன செய்கிறார் என்று கேள். துவாஸ் தொழிற்சாலையை நீ ஐந்து நாள் வேலையாகப் பார்த்தாய். இந்த வேலையைச் சனிக்கிழமையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். எல்லாம் கேட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது உனக்கானதுதான்.

அப்பாவிடம் சொல்லிவிடு, இந்த வாரமே. விட்டுவிடப் போகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை என்பதால் அந்தப் பேச்சு இப்போது உனக்கு எளிது. "அப்பா, படிப்பை முடிக்கிறேன். முடித்ததும் பொறியாளர் வேலைக்குப் போகமாட்டேன், இந்த வேலைக்குத்தான் போவேன்" என்று சொல். சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். பார்த்து வைத்துக்கொண்டு போ. அவர் முகம் வாடலாம். இயந்திரப் பொறியியல் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்ந்திருப்பார். ஆனால் நாள் முழுக்க முன்பின் தெரியாத மனிதர்களை ஏற்றி இறக்குபவர், மனிதர்களுக்கு உதவும் வேலை என்றால் என்னவென்று நம்மைவிட அவருக்குத் தெரியும். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள். "முடித்துவிட்டு எதுவானாலும் செய்" என்றாரே, அந்த வாக்கை அவரும் காப்பாற்ற வேண்டும்.

கேள்வி: டீச்சர், நான் திருச்சியிலிருந்து வந்து இங்கே கணினி அறிவியல் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு. கல்விக் கட்டண மானியம் வாங்கியிருக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணன் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாறி வரச் சொல்கிறான். இப்போது போனால் அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறான். போகலாமா?
– மாணவர், கிளமெண்டி

பதில்: நீங்கள் சேர்ந்தபோது கையெழுத்திட்ட மானிய ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். சேரும் அவசரத்தில் பலர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். குடிமக்களல்லாத மாணவர்கள் மானியத்துக்கு ஈடாகப் பட்டம் வாங்கியபின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனங்களில் வேலை பார்ப்பதாக அதில் ஒப்புக்கொள்கிறார்கள். படிப்பை முடிக்காமல் கிளம்பினாலும் அது ஒப்பந்தத்தை மீறியதாகும். இதுவரை அரசாங்கம் உங்களுக்காகக் கட்டிய தொகையை வட்டியோடு கேட்பார்கள். மூன்று வருடத் தொகை சின்னத் தொகை இல்லை. அதைத் தவிர அங்கே வெளிநாட்டு மாணவர் கட்டணம், அதுவும் மானியமில்லாமல். அங்கும் பாதிப் படிப்பையாவது தங்களிடமே படிக்கச் சொல்வார்கள், ஆக இன்னும் இரண்டு வருடம். அண்ணன் அன்போடுதான் கூப்பிடுகிறார். ஆனால் இந்த ஒப்பந்தத்தை அவர் பார்த்திருக்கமாட்டார்.

கனடாவைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கிருந்தே ஒரு செமஸ்டர் மாணவர் பரிமாற்றத்தில் போகலாமே. நம் பல்கலைக்கழகங்களுக்கு அங்கே பங்காளிப் பல்கலைக்கழகங்கள் உண்டு. கட்டணம் இங்கேயே கட்டுவீர்கள், கிரெடிட்டும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். நான்காம் ஆண்டுக்கு இடம் இருக்கிறதா என்று உங்கள் துறை அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். முடித்தபின் அங்கே முதுநிலை படிக்க ஆசை என்றால், மூன்று ஆண்டு வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. மேற்படிப்புக்காகக் கேட்பவர்களுக்கு அது கிடைக்கிறது.

அப்படியும் போய்த்தான் தீர வேண்டும் என்றால், பல்கலைக்கழகத்தின் மானியப் பிரிவுக்கு எழுதி, இன்றைய தேதியில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அண்ணனுக்குப் பதில் சொல்வது அதற்கப்புறம். அந்த ஒப்பந்தத்தில் உங்களுக்காக இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களாகத்தான் இருப்பார்கள். நீங்கள் கட்டாவிட்டால் கேட்பது அவர்களிடம். முடிவெடுக்கும் முன் அவர்கள் இருவரிடமும் தொகையைச் சொல்லிப் பேசுங்கள்.